காவடியை இறக்கி வைக்க ஓர் இடம்

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்களைப் போன்ற நிலையில் இருக்கும் மற்றவர்களும் இதைப் படிக்கக்கூடும்.

அப்பா இறந்தபோது உங்களுக்கு 19 வயது. மலேசியாவில் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வான எஸ்டிபிஎம் முடித்திருந்தீர்கள், பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படிக்க இடமும் கிடைத்திருந்தது. போகவில்லை. கோலாலம்பூரின் செந்தூலில் ஒரு சரக்கு நிறுவனத்தில் கிராணி (எழுத்தர்) வேலைக்குச் சேர்ந்து இரண்டு தம்பிகளைப் படிக்க வைத்தீர்கள். பெரியவர் இன்று பொறியாளர், சின்னவர் மருந்தாளர். இருவரும் திருமணமாகித் தனிக்குடித்தனம் போய்விட்டார்கள், வீட்டுப் பக்கம் வருவதில்லை. வீட்டுக் கடனையும் அம்மாவையும் நீங்கள்தான் பார்த்துக்கொள்கிறீர்கள். இப்போது 36 வயதில் பினாங்கின் பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது, உங்களுக்கும் பிடித்திருக்கிறது. அம்மா அழுகிறார். உறவினர்கள் "நீ இந்தக் குடும்பத்தின் தெய்வம்" என்கிறார்கள். "என் மகிழ்ச்சியைத் தேடிப் போனால் 17 ஆண்டுத் தியாகம் வீணாகிவிடாதா? தியாகத்தில்தான் மகிழ்ச்சி என்று சொல்லி வளர்த்தார்களே, எனக்கு ஏன் அது வரவில்லை?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் கேள்விக்கு என் பதில்: வீணாகாது, தங்கை. உங்கள் தியாகம் பலித்துவிட்டது. சின்னத் தம்பி முதல் சம்பளம் வாங்கிய நாளிலேயே அது நிறைவேறிவிட்டது. அப்பா செய்ய நினைத்த காரியத்தை அவர் இடத்தில் நின்று செய்து முடித்தீர்கள். இனி நீங்கள் சிரித்தாலும் அழுதாலும் அந்த இருவர் பெற்ற பட்டத்தை யாரும் திரும்ப வாங்கிக்கொள்ளப் போவதில்லை. அதற்குப் பிறகும் நீங்கள் சுமந்துகொண்டிருப்பது வேறொரு சுமை. யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யாதது, எல்லை குறிக்காதது, "அக்கா இருக்கிறாளே" என்ற ஒற்றைச் சொல்லில் ஓடிக்கொண்டிருப்பது. பழைய தியாகத்தின் பெயரையே இதற்கும் வைத்துவிட்டதால், இதை இறக்கினால் அதுவும் போய்விடும் என்று உங்களுக்குத் தோன்றுகிறது.

பத்துமலையை நினைத்துப் பாருங்கள். தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர் எதை எடுக்கிறார், எதற்காக எடுக்கிறார், எத்தனை ஆண்டுக்கு எடுக்கிறார் என்பதெல்லாம் வேண்டுதலிலேயே முடிவாகிவிடுகிறது. விரத நாட்களுக்குக் கணக்கு உண்டு. ஆற்றில் குளித்து, அலகு குத்தி, உறவும் நட்பும் சூழ "வேல் வேல்" என்று கூடவே வர, 272 படிகள் ஏறுகிறார். அவர் களைத்தால் உட்கார நாற்காலி பிடிப்பவர்கள் உண்டு. குகைக்குள் போனதும் அலகை எடுத்து, விபூதி பூசி, காவடியை இறக்கி வைக்கிறார்கள். பிறகு அவர் மற்றவர்களைப் போலவே படியிறங்கி வந்து, பசிக்குத் தண்ணீர்ப்பந்தலில் சாப்பிடுகிறார். இறக்கி வைத்ததால் முருகனை ஏமாற்றிவிட்டதாக யாரும் சொல்வதில்லை. இறக்கி வைப்பதும் நேர்த்திக்கடனில் சேர்ந்ததுதான்.

நம் வீடுகளில் மூத்த பெண்பிள்ளையின் தோளில் ஏற்றும் சுமைக்கு இதில் எதுவும் இல்லை. அவளைக் கேட்டு ஏற்றுவதில்லை. கூட யாரும் நடப்பதில்லை. இறக்கி வைக்கும் குகை எங்கே என்று யாருக்கும் தெரியாது. "தெய்வம்" என்ற பட்டத்தை மட்டும் கொடுத்துவிடுகிறோம். கோயிலில் இருக்கும் தெய்வத்துக்குக்கூட வேளை தவறாமல் நைவேத்தியம் உண்டு, இரவில் நடை சாத்திப் பள்ளியறைக்கு அனுப்பும் வழக்கமும் உண்டு. வீட்டில் இருப்பவளைத் தெய்வம் என்று சொல்லும்போது, அவளுக்குப் பசியோ களைப்போ வராது என்று நினைத்துவிடுகிறோம். அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். தியாகம் மகிழ்ச்சி தரும் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் பொய் சொல்லவில்லை. கொடுப்பதில் இன்பம் இருப்பதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. கனடாவின் வான்கூவரில் எலிசபெத் டன், லாரா அக்னின், மைக்கேல் நார்ட்டன் ஆகியோர் செய்து 2008இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. காலையில் சிலரிடம் 5 டாலரோ 20 டாலரோ கொடுத்தார்கள். பாதிப் பேர் அதைத் தமக்காகவும், மீதிப் பேர் பிறருக்காகவும் மாலைக்குள் செலவழிக்க வேண்டும். மாலையில் கேட்டபோது பிறருக்காகச் செலவழித்தவர்களே கூடுதல் மகிழ்ச்சியுடன் இருந்தார்கள். தொகை 5 டாலரா 20 டாலரா என்பதில் வேறுபாடு தெரியவில்லை. திருவள்ளுவர் ஈகை அதிகாரத்தில் "ஈத்துவக்கும் இன்பம்" என்று சொன்னது இதைத்தான். ஆகவே "உன்னை மட்டும் பார்த்துக்கொள், மற்றவர்களை விடு" என்று இக்காலத்தில் கொடுக்கப்படும் அறிவுரையை நான் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. அது உண்மையும் இல்லை, உங்கள் இயல்புக்கு ஒத்துவரவும் செய்யாது.

ஆனால் அந்த இன்பத்துக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. நெட்டா வைன்ஸ்டீன், ரிச்சர்ட் ரயன் இருவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், தாமாக விரும்பி உதவியவர்களுக்கே மனநிறைவு கூடியது. செய்துதான் ஆக வேண்டும் என்ற நெருக்கடியிலோ குற்றவுணர்விலோ உதவியவர்களுக்குக் கூடவில்லை. அதைவிட முக்கியமான ஒன்றையும் அவர்கள் கண்டார்கள்: உதவியவர் விரும்பிச் செய்தபோது, உதவி பெற்றவருடைய மனமும் மேலும் நன்றாக இருந்தது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள்.

காதலர்களிடையே விட்டுக்கொடுத்தலைப் பற்றி எமிலி இம்பெட் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வும் இதே திசையில்தான் போகிறது. "அவருக்கு மகிழ்ச்சியாக இருக்குமே" என்று விட்டுக்கொடுத்த நாட்களில் கொடுத்தவருக்கும் மனம் நிறைந்தது. "சண்டை வந்துவிடுமே, முகம் கோணுமே" என்று அஞ்சி விட்டுக்கொடுத்த நாட்களில் மனக்கசப்பும் பிணக்கும் கூடின. விட்டுக்கொடுத்த காரியம் ஒன்றாக இருந்தாலும் நோக்கம் மாறினால் விளைவு மாறிவிடுகிறது. உங்களையே கேட்டுப் பாருங்கள். 19 வயதில் வேலைக்குப் போனபோது உங்கள் மனத்தில் இருந்தது தம்பிகளின் முகம். இன்று மாதாமாதம் பணம் கட்டும்போது மனத்தில் இருப்பது யாருடைய முகம், எந்த அச்சம்? தொடக்க ஆண்டுகளில் களைப்பு இருந்தாலும் பெருமிதமாக இருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது மகிழ்ச்சிதான். உங்களுக்கு அது வராமல் போகவில்லை. வந்தது, எப்போதோ நின்றுபோனது. காரியம் முடிந்த பிறகும் சுமை தொடர்ந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இப்போது கோபத்தின் காரணம். தியாகம் செய்தவர்களின் பக்கத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நான் மறுபக்கத்தில் வளர்ந்தவள். எனக்காக ஒருத்தி தன் வாழ்க்கையைக் கொடுத்தாள்.

நான் பிறந்தது கோல சிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டம். என் அக்கா ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டார். விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) அம்மாவோடு போய் நின்று, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். மங்கில் (மரத்தில் கட்டிய கிண்ணத்தில்) வடிந்த பாலை வாளியில் சேர்த்துத் தூக்கி வந்தார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் என்னை விட்டுப் போவதும், மதியம் வந்து தொழிலாளர் வரிசை வீடான லயத்துக்குக் கூட்டிப் போவதும் அவர்தான். அந்தக் காசில்தான் நான் படித்து, ஆசிரியர் பயிற்சிக்குப் போய், தமிழ்ப்பள்ளிகளில் 32 ஆண்டு வேலை பார்த்தேன்.

நன்றியுடன் இருந்தேனா? இருந்தேன். ஆனால் அந்த நன்றி எனக்குள் எப்படி வேலை செய்தது என்பதைச் சொல்ல வேண்டும், உங்கள் தம்பிகளைப் புரிந்துகொள்ள அது உதவும். தீபாவளிக்குத் தீபாவளி அக்காவுக்கு விலை உயர்ந்த சேலை எடுத்தேன். ஆனால் அவரோடு தனியாக ஒரு மணி நேரம் உட்கார என்னால் முடியவில்லை. என் வீட்டில் புதிதாக ஏதாவது வாங்கினால் அவர் வரும்போது மறைத்து வைப்பேன். அவர் கை விரல்களில் ரப்பர்ப்பால் ஏறிக் கறுத்த கோடுகளைப் பார்க்கும்போது கண்ணை வேறு பக்கம் திருப்புவேன். போகப் போக அவரைப் பார்க்கப் போவதே குறைந்தது. என் கணவர் கேட்டால் வேலை அதிகம் என்பேன். திருப்பிக் கொடுக்க முடியாத கடனைக் கொடுத்தவர் முன்னால் நிற்பது கடினம், தங்கை. உங்கள் தம்பிகள் வராமல் இருப்பது நன்றி கெட்டதனமாகவும் இருக்கலாம். நான் அவர்களை அறியேன். ஆனால் நான் கண்ட குடும்பங்களில் பாதிக்கு மேல் அது நன்றி கெட்டதனம் இல்லை, கூச்சம். அந்த ஆய்வில் உதவி பெற்றவரின் மனநிலை பற்றிச் சொன்னார்களே, அதை நான் படித்தபோது என் வயது 55. அக்காவின் முகத்தை ஏன் பார்க்க முடியவில்லை என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது.

சில ஆண்டுகளுக்கு முன்பு தைப்பூசத்துக்கு இருவரும் பால்குடம் எடுத்தோம். மேலே போய்ப் பாலைக் கொடுத்துவிட்டுக் குகைச் சுவரோரம் உட்கார்ந்தோம். அக்கா தோளைத் தடவிக்கொண்டே, யாரிடமும் இல்லாமல் சொன்னார்: "இதையாவது இறக்கி வைக்க முடிகிறது."

என்னால் பேச முடியவில்லை. வெகு நேரம் கழித்து, "உனக்கு என்ன ஆசை இருந்தது அக்கா?" என்று கேட்டேன். "முப்பது வருஷமாக நீ ஒரு தடவைகூட இதைக் கேட்கவில்லையே" என்றார். அந்தக் குரலில் கோபம் இல்லை. அதனால்தான் இன்றும் தாங்க முடியவில்லை.

அவருக்கு இருந்த ஆசை கார் ஓட்டுவது. தோட்டத்துத் துரையின் மனைவி தானே காரை ஓட்டிக்கொண்டு போவதைச் சிறு வயதில் பார்த்து வந்த ஆசை. 59 வயதில் உரிமத் தேர்வு எழுதினார். இரண்டு முறை தேறவில்லை, மூன்றாம் முறை தேறினார். இன்று ரவாங்கில் தன் தோழிகளை ஏற்றிக்கொண்டு கோயில் கோயிலாகப் போகிறார். என் படிப்புக்காகத் தான் உழைத்தது வீண் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. அவர் கேட்டதெல்லாம் தன்னிடமும் ஒருவர் கேட்க வேண்டும் என்பதுதான்.

இதே வீட்டில் நான் பார்த்த இன்னொரு தியாகத்தையும் சொல்ல வேண்டும். சுதந்திரத்தையொட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கின. துண்டாடலில் வேலையும் போகும், லயத்து வீடும் போகும். அதைத் தடுக்க, அன்று அமைச்சராக இருந்த துன் வீ.தி.சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களே பணம் சேர்த்துத் தோட்டத்தை வாங்குவது திட்டம். ஒரு பங்கு 100 வெள்ளி, மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். 1961இல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். என் அம்மாவும் பங்கு கட்டினார். அந்தக் காலத்தில் ஒரு வெட்டுக்காரிக்கு 10 வெள்ளி என்பது சாப்பாட்டில் கைவைக்கும் தொகை. அந்த மாதங்களில் வீட்டில் இறைச்சி எடுக்கவில்லை. ஆனாலும் அம்மா அந்த நாட்களைப் பற்றிப் பேசும்போது முகம் மலரும். பங்குச் சான்றிதழைத் தகரப் பெட்டியில் சேலைக்கு அடியில் வைத்திருந்தார். எவ்வளவு கட்ட வேண்டும் என்று தெரியும், எப்போது முடியும் என்று தெரியும், பக்கத்து லயத்தார் எல்லோரும் கட்டுகிறார்கள், சான்றிதழில் தன் பெயர் இருக்கிறது. ஒரே கூரையின் கீழ் அம்மாவின் 10 வெள்ளியும் இருந்தது, அக்கா இழந்த படிப்பும் இருந்தது. ஒன்று முடிந்து பெருமையானது, மற்றொன்று முடிவில்லாமல் மௌனமானது.

திருக்குறளில் ஓர் இடம் என்னை எப்போதும் நிறுத்தும். அளவு பாராமல் செய்யும் ஒப்புரவு வளத்தை விரைவில் கெடுக்கும் என்ற எச்சரிக்கை, "உளவரை தூக்காத ஒப்புர வாண்மை" என்று தொடங்குவது, ஈகை அதிகாரத்தில் இல்லை. அரசனுக்குச் சொல்லும் வலியறிதல் அதிகாரத்தில் இருக்கிறது. தன் பலம் எவ்வளவு என்று எடைபோடும் இடத்தில்தான் கொடுப்பதன் அளவையும் வள்ளுவர் வைத்தார். அரசனே அளவறிந்து கொடுக்க வேண்டும் என்றால், செந்தூலில் கிராணிச் சம்பளத்தில் வீட்டுக் கடன் கட்டும் பெண்ணுக்கு அந்த உரிமை இல்லையா?

ஹெய்டி ஃபிரிட்ஸ், விக்கி ஹெல்கசன் என்ற இரு உளவியலாளர்கள் 1998இல் இதை இன்னும் நுட்பமாகப் பிரித்துக் காட்டினார்கள். பிறர்மேல் அக்கறை கொள்வது ஒன்று, தன்னை முற்றாக விட்டுவிட்டுப் பிறரிலேயே மூழ்குவது வேறொன்று. முதலாவது மனத்துக்குத் தீங்கு செய்வதில்லை. இரண்டாவதுதான் மனச்சோர்வோடு சேர்ந்து வருகிறது. அப்படி மூழ்கியவர்களுக்குப் பிறரிடமிருந்து உதவி பெறுவதும் கடினமாக இருக்கிறது. "தம்பிகளிடம் எப்படிக் கேட்பது, வெட்கமாக இருக்கிறது" என்று எழுதியிருந்தீர்களே, அந்த வெட்கம் இங்கிருந்து வருவது.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். எல்லாக் கடமையையும் மகிழ்ச்சியை வைத்து அளக்க முடியாது. படுக்கையில் கிடக்கும் தாய்க்கு இரவு மூன்று மணிக்குத் துணி மாற்றுவதில் இன்பம் இல்லை. செய்யத்தான் வேண்டும். நாளை உங்கள் அம்மா அந்த நிலைக்கு வந்தால், திருமணமாகியிருந்தாலும் நீங்கள் செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அன்று அதைச் செய்ய வேண்டியவர்கள் மூன்று பிள்ளைகள்.

ஆகவே இப்போது செய்ய வேண்டியது. அம்மாவிடம் பேசுவதற்கு முன் தம்பிகள் இருவரையும் ஒன்றாகச் சந்தியுங்கள், மனைவியரும் இருக்கட்டும். கடந்த 17 ஆண்டுக் கணக்கைத் திறக்காதீர்கள். திறந்தால் அவர்கள் என்னைப் போலக் கண்ணைத் திருப்பிக்கொள்வார்கள். இனிவரும் கணக்கை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்: வீட்டுக் கடனில் மீதி எவ்வளவு, அம்மாவின் மருந்து, சாப்பாடு, மருத்துவமனைக்கு யார் எந்த மாதம் கூட்டிப் போவது. பெற்றோரின் மருத்துவச் செலவுக்கு ஆண்டுக்கு 8,000 வெள்ளி (ரிங்கிட்) வரை வருமான வரிக் கழிவு உண்டு. செலவழித்தவரிடம் ரசீது இருக்க வேண்டும். நல்ல சம்பளம் வாங்கும் தம்பிகளுக்கு இது தெரிந்தால் பேச்சு இன்னும் எளிதாகும்.

உங்கள் ஊழியர் சேமநிதியைத் (இபிஎஃப்) தொடாதீர்கள். 2024 மே மாதம் முதல் சந்தாவில் 75 விழுக்காடு ஓய்வுக்கால கணக்குக்கும், 15 விழுக்காடு நல்வாழ்வு கணக்குக்கும், 10 விழுக்காடு எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய நெகிழ்வுக் கணக்குக்கும் போகிறது. அந்த 10 விழுக்காட்டின் மேல்தான் குடும்பத்தின் கண் விழும். "ஆயிரம் வெள்ளி இருந்தால் கொடு அக்கா" என்று யாராவது கேட்டால் அது இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 55 வயதில் உங்களுக்கு நீங்கள் வேண்டும்.

கணக்கியல் படிப்பைப் பற்றி ஒரே வரி எழுதி, பிறகு "அது போகட்டும்" என்று விட்டுவிட்டீர்கள். ஏன் போக வேண்டும்? வேலை செய்துகொண்டே படிப்பவர்களுக்கென்றே வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஜார்ஜ்டவுனில் இருக்கிறது. பட்டர்வொர்த்திலிருந்து படகு ஏறினால் எதிர்க்கரை. திருமணம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் அந்த விண்ணப்பத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அம்மாவின் அழுகைக்கு வருகிறேன். அவர் உங்கள் மகிழ்ச்சிக்கு எதிராக அழவில்லை. கணவனை இழந்த பிறகு நீங்கள்தான் அவருக்கு வீட்டின் தூண். அந்தத் தூண் நகர்கிறதே என்று அழுகிறார். அழ வேண்டாம் என்று சொல்லாதீர்கள், போகமாட்டேன் என்றும் சொல்லாதீர்கள். எதற்குப் பயப்படுகிறார் என்று கேளுங்கள். இரவில் தனியாக இருப்பதா, மருமகள் வீட்டில் பேச்சு வாங்குவதா, உடம்பு முடியாமல் போனால் யார் வருவார்கள் என்பதா? ஒவ்வொரு பயத்துக்கும் ஒவ்வொரு ஏற்பாடு இருக்கிறது. பட்டர்வொர்த் கேஎல் சென்ட்ரலிலிருந்து ஏறக்குறைய நான்கு மணி நேர ரயில் பயணம். ஒருமுறை அவரைக் கூட்டிக்கொண்டு போய் வாருங்கள். தூரம் என்பது மனத்தில் இருக்கும்போது அளவில்லாமல் பெரிதாகத் தெரியும், ஜன்னலோரம் உட்கார்ந்து போனால் சுருங்கும்.

அந்த வரனிடம் அம்மா சில மாதங்கள் உங்களோடு தங்குவார் என்பதை நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர் வீட்டாருக்கும் அவர் முன்னாலேயே சொல்லுங்கள். புரிந்துகொள்வார் என்று நினைத்துக்கொண்டு மௌனமாகப் போகாதீர்கள். மௌனமாகத் தொடங்கிய ஏற்பாட்டில்தான் 17 ஆண்டுகள் போயின.

எழுதி முடித்ததும் அக்காவுக்கு இதைப் படித்துக் காட்டினேன். தன்னைப் பற்றிய பகுதியில் ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில், "தம்பிகளைப் பார்க்கப் போகும்போது சமைத்து எடுத்துக்கொண்டு போக வேண்டாம், வெறுங்கையோடு போகச் சொல்" என்றார். சொல்லிவிட்டேன்.